250 ரூபாயோடு போன 25 மணி நேரம்

இன்சூரன்ஸ் ஏஜெண்டுக்கு இன்று இந்தியாவில் உரிமம் என்று ஒன்று கிடையாது. 2015-இல் இன்சூரன்ஸ் சட்டம் திருத்தப்பட்டபோது அது போய்விட்டது. அதற்கு முன்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் பெயரில் ஓர் அடையாள அட்டை வரும். மூன்று வருடம் செல்லும். கட்டணம் 250 ரூபாய். காலம் முடிவதற்குள் இன்னொரு 250 ரூபாயும் 25 மணி நேரப் பயிற்சி எடுத்ததற்கான சான்றிதழும் கொடுத்தால் அடுத்த மூன்று வருடத்துக்குப் புதுப்பித்துத் தருவார்கள். தாமதமாக விண்ணப்பித்தால் கூடுதலாக 100 ரூபாய். இப்போது கம்பெனியே நியமனக் கடிதம் கொடுத்துவிடுகிறது. அதற்குக் காலக்கெடு இல்லை, புதுப்பிப்பு இல்லை, ஆணையத்துக்குக் கட்டவேண்டிய பணமும் இல்லை. அட்டை காலாவதியாகிவிட்டதால் முடித்த பிசினசுக்குக் கமிஷன் நின்றுபோன ஏஜெண்டுகள் ஊருக்கு ஊர் இருந்தார்கள். அவர்களுக்கெல்லாம் இது பெரிய நிம்மதி. இந்தத் தொழிலில் நீண்ட காலம் இருப்பவன் என்ற முறையில் அந்த நிம்மதியை நான் குறைத்துப் பேசமாட்டேன். கட்டணம் போனது சரி, உரிமம் போனதிலும் எனக்குக் குறையில்லை. அவற்றோடு சேர்த்து அந்த 25 மணி நேரத்தையும் தூக்கிப் போட்டதுதான் பெரும் தவறு. அது திரும்ப வரவேண்டும், ஆனால் பழைய உருவத்தில் வரக்கூடாது.

1956-இல் எல்ஐசி உருவானதிலிருந்து 2000 வரை ஆயுள் காப்பீட்டு ஏஜெண்ட் தொழில் கற்றது டெவலப்மென்ட் ஆபீசரிடம்தான். அவர் ஆளைத் தேடிப் பிடிப்பார், ஏஜென்சி கோடு வாங்கித் தருவார், முதல் நாலைந்து பாலிசிக்குக் கூடவே வந்து பேசி முடித்துக் கொடுப்பார். எண்டோமெண்ட், மணி பேக், குழந்தைகளுக்கான பாலிசி எனத் திட்டங்கள் குறைவு. பிரீமியம் அட்டவணைப் புத்தகம் பையில் இருக்கும், போனஸ் எவ்வளவு என்பது வருடத்துக்கு ஒருமுறை சுற்றறிக்கையில் வரும். கம்பெனி ஒன்றே ஒன்று என்பதால் இதை விட்டு அதற்கு மாறலாமா என்ற கேள்வியே எழாது. சொல்லவேண்டியது கொஞ்சம், வருடா வருடம் மாறுவது அதைவிடக் கொஞ்சம். எனவே தொடக்கத்தில் கற்றதை வைத்துக்கொண்டே ஒருவர் முப்பது வருடம் நேர்மையாகத் தொழில் செய்ய முடிந்தது. அந்தத் தலைமுறை ஏஜெண்டுகள் மேல் கிராமங்களில் இன்றும் இருக்கும் மரியாதைக்கு அவர்களுடைய நாணயம் ஒரு காரணம் என்றால், அவர்கள் கற்ற பாடம் பழசாகாமல் இருந்தது இன்னொரு காரணம்.

காப்பீட்டுத் துறைச் சீர்திருத்தத்துக்கான மல்ஹோத்ரா குழு 1994-இல் அறிக்கை கொடுத்து, 1999-இல் ஐஆர்டிஏ சட்டம் வந்து, தனியாருக்குக் கதவு திறந்தபோது அந்த நிலைமை போனது. ஆணையம் 2000-இல் கொண்டுவந்த ஏஜெண்ட் உரிம விதிமுறைகளைப் படித்தால், வரப்போவது என்ன என்று அதை எழுதியவர்களுக்குத் தெரிந்திருந்தது புரியும். 5,000 பேருக்கு மேல் மக்கள்தொகை உள்ள ஊர் என்றால் பிளஸ் டூ, சின்ன ஊர் என்றால் பத்தாம் வகுப்பு. மூன்று நான்கு வாரங்களில் 100 மணி நேரப் பயிற்சி. ஆயுள், பொது இரண்டும் விற்பவர் என்றால் 150 மணி நேரம். அதன் பிறகு மும்பையிலுள்ள இன்சூரன்ஸ் இன்ஸ்டிட்யூட் ஆஃப் இந்தியா நடத்தும் தேர்வு. இவ்வளவும் தொழிலுக்குள் நுழைவதற்கு. புதுப்பிக்கும்போது வந்த 25 மணி நேரம்தான் அந்த விதிமுறையில் இருந்த உண்மையான புதுமை. இந்தத் தொழிலில் பாடம் மாறிக்கொண்டே இருக்கும், மூன்று வருடத்துக்கு ஒருமுறையாவது உட்கார்ந்து படிக்கவேண்டும் என்று அரசு முதன்முறையாக எழுத்தில் சொன்னது அப்போதுதான். சொன்னது சரியாகவும் இருந்தது. பங்குச் சந்தையோடு இணைந்த பாலிசியான யூலிப் வந்தது, சந்தை ஏறிய காலத்தில் மூன்றே வருடத்தில் பணம் இரட்டிப்பாகும் என்று சொல்லி அது விற்கப்பட்டது, 2008-இல் சந்தை விழுந்தது. 2010 செப்டம்பரில் யூலிப்பின் கட்டாயக் காலத்தை மூன்றிலிருந்து ஐந்து வருடமாக்கி, கம்பெனிகள் பிடிக்கும் கட்டணங்களுக்கும் ஆணையம் உச்சவரம்பு போட்டது. 2011 அக்டோபரில் மருத்துவக் காப்பீட்டை ஒரு கம்பெனியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிக்கொள்ளும் போர்ட்டபிலிட்டி வந்தது. இவை எதுவும் 2001-இல் தேர்வு எழுதியவருடைய புத்தகத்தில் இருந்திருக்க முடியாது.

அந்த 25 மணி நேரம் நடைமுறையில் என்ன ஆனது என்பதையும் சொல்லவேண்டும், இல்லையென்றால் என் வாதத்துக்கு மதிப்பில்லை. விதி மணியைக் கணக்கிட்டது, அறிவைக் கணக்கிடவில்லை. வகுப்பில் உட்கார்ந்ததற்குக் கையெழுத்து, ஆன்லைன் என்றால் திரையில் ஓடும் கடிகாரம். பிரவுசிங் சென்டரில் லாகின் செய்துவிட்டு, பக்கம் தானாக நின்றுவிடாமலிருக்க அவ்வப்போது மவுசைத் தட்டிவிட ஓர் ஆளை உட்காரவைத்தால் போதும், மணி ஏறிவிடும். பயிற்சி நிறுவனத்துக்குத் தலைக்கு இவ்வளவு என்று பணம், கற்றுக்கொண்டாரா என்பதற்கு அது யாருக்கும் பொறுப்பில்லை. முடிவில் தேர்வும் கிடையாது. பாடமும் பெரும்பாலும் நுழைவுப் பாடத்தின் சுருக்கம்தான். காப்பீடு என்றால் என்ன, இடர் என்றால் என்ன என்று, பதினைந்து வருடமாகப் பாலிசி போடுபவருக்கு மறுபடியும் சொல்லிக் கொடுத்தார்கள். கடந்த மூன்று வருடத்தில் மாறியது என்ன என்று அதில் கேட்கப்படவே இல்லை. நுழைவுப் பயிற்சியும் பின்னால் 50 மணி நேரமாகக் குறைக்கப்பட்டது. ஆக, 2015-இல் உரிமம் போனபோது புதுப்பிப்புப் பயிற்சிக்காகக் கண்ணீர் விட ஆளில்லை. அதைச் சடங்காக்கிய பிறகு, சடங்கு என்று சொல்லியே கைவிட்டார்கள்.

2016 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த நியமன விதிமுறைகள் எளிமையானவை. பத்தாம் வகுப்பு போதும். ஐசி-38 தேர்வு, 50 கேள்வி, ஒரு மணி நேரம், 35 சதவீதம் எடுத்தால் தேர்ச்சி. அதாவது 18 கேள்விக்குச் சரியாக விடையளித்தால் போதும். அதன்பின் ஓர் ஆயுள் கம்பெனி, ஒரு பொதுக் காப்பீட்டுக் கம்பெனி, ஒரு மருத்துவக் காப்பீட்டுக் கம்பெனி என மூன்று இடத்தில் ஒரே ஆள் ஏஜெண்டாக இருக்கலாம். நுழைவு எளிதாக இருப்பதை நான் குறை சொல்லவில்லை. எல்ஐசிக்கு மட்டுமே சுமார் 14 லட்சம் ஏஜெண்டுகள் இருக்கிறார்கள். அவர்களில் பெரும்பகுதியினர் வேறு வேலையோ வீட்டு வேலையோ பார்த்துக்கொண்டு இதையும் செய்பவர்கள். காப்பீடு போய்ச் சேராத தெருக்களுக்கு அதைக் கொண்டுபோவது அவர்கள்தான். வாசல் அகலமாக இருக்கட்டும். ஆனால் வாசலை அகலமாக்கிய ஒரு நாட்டுக்கு, உள்ளே வந்தவருக்குத் தொடர்ந்து கற்றுக்கொடுக்கும் கடமை கூடுகிறது. இங்கே இரண்டையும் ஒரே நேரத்தில் குறைத்துவிட்டார்கள். தொடர்பயிற்சிக்கு விதியில் மணிக்கணக்கு இல்லை. அது கம்பெனியின் இயக்குநர் குழு வகுக்கும் கொள்கைக்கு விடப்பட்டிருக்கிறது.

இந்த இடைவெளியில் எத்தனை மாறியிருக்கிறது என்று பார்த்தாலே போதும், வேறு சாட்சி வேண்டாம். வாரிசு விஷயத்தை எடுத்துக்கொள்வோம். நாமினி என்பவர் பணத்தைக் கம்பெனியிடமிருந்து வாங்கும் கை மட்டுமே, பணம் சட்டப்படியான வாரிசுகளுக்குத்தான் என்று 1984-இல் சர்பதி தேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மூத்த ஏஜெண்டுகள் எல்லாரும் படித்தது இதுதான், சொன்னதும் இதுதான். 2015 திருத்தமோ, பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் ஆகியோரை நாமினியாகப் போட்டால் பணத்தில் அவர்களுக்கே உரிமை உண்டு என்று 39-ஆம் பிரிவில் எழுதியது. வாரிசுரிமைச் சட்டத்தோடு இது எப்படிப் பொருந்தும் என்பது இன்னமும் நீதிமன்றங்களில் வாதத்துக்கு உரியதாகவே இருக்கிறது. ஆனால் ஒன்று மட்டும் நிச்சயம். கல்யாணத்துக்கு முன் அம்மா பெயரை நாமினியாகப் போட்டு, கல்யாணத்துக்குப் பின் மாற்றாமல் விட்டவருடைய வீட்டில், அந்த ஒற்றை வரி மருமகளையும் மாமியாரையும் எதிரெதிரே நிறுத்திவிடும். பாலிசிதாரருக்குக் கல்யாணப் பத்திரிகை வரும்போதே நாமினியை மாற்றச் சொல்லவேண்டிய ஆள் ஏஜெண்ட். தான் படித்த காலத்துச் சட்டத்தையே இன்றும் நம்பிக்கொண்டிருப்பவர், பெயர் யாருடையதாக இருந்தால் என்ன என்று அதை விட்டுவிடுவார். அவரிடம் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அவருக்கு யாரும் சொல்லவில்லை.

45-ஆம் பிரிவும் அப்படித்தான். முன்பு இரண்டு வருடம் கழிந்த பிறகும், மோசடியாக மறைத்தார் என்று நிரூபித்தால் கம்பெனி ஆயுள் பாலிசியை மறுக்க முடியும். திருத்தத்துக்குப் பின் மூன்று வருடம் கழிந்துவிட்டால் எந்தக் காரணத்தைச் சொல்லியும் கேள்வி கேட்க முடியாது. மருத்துவக் காப்பீட்டிலோ 2024-இல் ஏகப்பட்டது மாறியது. ஏற்கெனவே உள்ள நோய்க்கான காத்திருப்பு அதிகபட்சம் நாலு வருடம் என்றிருந்தது மூன்றானது. தொடர்ந்து புதுப்பித்து வந்தால், மோசடி தவிர வேறு காரணத்தால் கிளெய்மை மறுக்க முடியாது என்ற காலவரம்பு எட்டு வருடத்திலிருந்து ஐந்தாகக் குறைந்தது. கேஷ்லெஸ் கோரிக்கைக்கு ஒரு மணி நேரத்தில் முடிவும், டிஸ்சார்ஜ் சமயத்தில் மூன்று மணி நேரத்தில் இறுதி அனுமதியும் கொடுக்கவேண்டும் என்று ஆணையம் உத்தரவிட்டது. ஆயுள் பாலிசியைப் படித்துப் பார்த்துத் திருப்பிக் கொடுக்கும் ஃப்ரீ லுக் காலம் 15 நாளிலிருந்து 30 நாளானது. 2024 அக்டோபரிலிருந்து, முதல் வருடப் பிரீமியம் முழுதாகக் கட்டியிருந்தால் அந்த வருடம் முடிந்தபின் சரண்டர் மதிப்பு உண்டு. அதற்கு முன் இரண்டு வருடமாவது கட்டாமல் ஒன்றும் கிடைக்காது. குறைதீர்ப்பாளரிடம் கொண்டுபோகக்கூடிய தொகையின் வரம்பு 2023-இல் 30 லட்சத்திலிருந்து 50 லட்சமானது. இவை ஒவ்வொன்றும் வாடிக்கையாளருக்குச் சாதகமான மாற்றம். ஆணையம் நல்லது செய்திருக்கிறது. ஆனால் மருத்துவமனைப் பில் கவுண்டரில் நிற்கும் குடும்பம் ஆணையத்தின் சுற்றறிக்கையைத் தேடிப் படிக்காது, ஏஜெண்டுக்கு போன் செய்யும். அந்த போனை எடுப்பவருக்குத் தெரியாத உரிமை, இல்லாத உரிமைதான்.

எல்லாவற்றையும்விட ப்ரபோசல் ஃபாரம் நிரப்பப்படும் விதத்தைப் பார்க்கவேண்டும். சாப்பாட்டு மேசையில் ஃபாரம் விரியும், இப்போதென்றால் டேப்லெட். பெயர், பிறந்த தேதி, உயரம், எடை வரை ஏஜெண்ட் கேட்டுக் கேட்டு எழுதுவார். உடல்நலக் கேள்விகள் வரும்போது அவர் கேட்பது ஒரே கேள்வி: "உடம்புக்கு ஒண்ணும் இல்லையே சார்?" இல்லை என்று பதில் வந்ததும் பத்துப் பதினைந்து கேள்விக்கும் வரிசையாக 'இல்லை'யில் டிக் விழும். சர்க்கரைக்கு மாத்திரை போடுபவரும் இல்லை என்றுதான் சொல்வார். அவர் கணக்கில் அது நோயில்லை, மாத்திரை போட்டால் கட்டுக்குள் இருக்கிறதே. ஏஜெண்டும் விடுவார், சர்க்கரை என்று எழுதினால் மெடிக்கல் டெஸ்ட் கேட்பார்கள், பாலிசி தள்ளிப்போகும், இந்த மாதக் கணக்கில் வராது. மூன்று வருடத்துக்குள் மரணம் நேர்ந்தால் கம்பெனி முதலில் எடுத்துப் பார்ப்பது அந்தப் பக்கத்தைத்தான். மறைத்ததாகச் சொல்லி மறுக்கப்படும் கிளெய்ம்களில் பலவற்றின் வேர் இந்த ஐந்து நிமிடத்தில் இருக்கிறது. இந்த ஒரு பக்கத்தை எப்படி நிரப்புவது என்று வருடத்துக்கு ஒரு மணி நேரம், நடந்த தீர்ப்புகளை வைத்துப் பாடம் எடுத்தால், கம்பெனிகள் விளம்பரத்துக்குச் செலவழிக்கும் கோடிகளைவிட அதிகமான நம்பிக்கையை அது சம்பாதித்துத் தரும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பொதுக் காப்பீட்டுக்கும் இது பொருந்தும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் எத்தனையோ கார்கள் தண்ணீருக்குள் நின்றன. நின்ற காரை ஸ்டார்ட் செய்தால் இன்ஜினுக்குள் தண்ணீர் புகுந்து கெட்டுப்போகும். முழுப் பாலிசி இருந்தாலும், இன்ஜின் பாதுகாப்புக்கான கூடுதல் பிரிவை எடுக்காதவருக்கு, அந்தச் சேதத்தைப் பின்விளைவு என்று சொல்லிக் கம்பெனி கழித்துவிடும். 'தண்ணீரில் நிற்கும் காரை ஸ்டார்ட் பண்ணாதீங்க, டோ பண்ணுங்க' என்ற ஒரு வாட்ஸாப் செய்தி போதும், லட்சக்கணக்கில் மிஞ்சும். அடுத்து 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. இடைப்பட்ட எட்டு வருடத்தில், இந்த ஊரில் மோட்டார் பாலிசி விற்பவர் எல்லாரும் வெள்ளம் பற்றி ஒரு மணி நேரமாவது படித்திருக்கவேண்டும் என்று எந்த விதியும் கேட்கவில்லை. வீட்டுக்கான பாரத் கிருஹ ரக்ஷா என்ற பொதுவான பாலிசி 2021 ஏப்ரலில் எல்லாக் கம்பெனிகளுக்கும் கட்டாயமானது. வெள்ளமும் அதில் அடக்கம். வேளச்சேரியிலும் முடிச்சூரிலும் வீடு வைத்திருப்பவர்களுக்கு அதைக் கொண்டுபோய்ச் சொல்லவேண்டியவர்கள் ஆயுள் பாலிசியோடு நின்றுவிடுகிறார்கள்.

அமெரிக்காவில் இதே விஷயம் எப்படி நடக்கிறது என்று பார்த்தால் நமக்குக் கொஞ்சம் வழி தெரியும். அங்கே 1945-இன் மெக்காரன்-ஃபெர்குசன் சட்டப்படி காப்பீட்டை ஒழுங்குபடுத்துவது மாநிலங்கள். உரிமக் கட்டணம் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. டெக்சாஸில் விண்ணப்பத்துக்கு 50 டாலர், மாசசூசெட்ஸில் மூன்று வருடத்துக்கு 225 டாலர். பல மாநிலங்களில் தொழில் செய்யும் ஏஜெண்ட் ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனித்தனியாகக் கட்டுகிறார். இதை ஒரே இடத்தில் முடித்துக் கொடுக்க ஓர் அமைப்பு வேண்டும் என்று 1999-இல் பேச்செடுத்து, 2015-இல் சட்டமும் போட்டார்கள். அதற்குப் பிறகும் பல வருடங்கள் அது ஏட்டிலேயே இருந்தது. கட்டணத்தில் அவர்களிடமிருந்து கற்க ஒன்றுமில்லை. கல்வியில் இருக்கிறது. கலிபோர்னியா, டெக்சாஸ் போன்ற மாநிலங்களில் இரண்டு வருடத்துக்கு 24 மணி நேரம், அதில் 3 மணி நேரம் தொழில் நெறி. நியூயார்க்கில் 15. மாசசூசெட்ஸில் முதல் மூன்று வருடத்தில் 60, பிறகு மூன்று வருடத்துக்கு 45. மணிக்கணக்கைவிட எனக்கு முக்கியமாகத் தெரிவது, அவர்கள் அடிபட்ட இடத்தில் பாடம் வைத்த விதம். 2004-இன் வெள்ளக் காப்பீட்டுச் சீர்திருத்தச் சட்டத்தைத் தொடர்ந்து, தேசிய வெள்ளக் காப்பீட்டுத் திட்டத்தின் பாலிசியை விற்பவருக்கு 3 மணி நேரத் தனிப் பாடம் வந்தது. முதியோர் நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீட்டுக்கு முதலில் 8 மணி நேரம், பிறகு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை 4 மணி நேரம். முதியவர்களிடம் பொருந்தாத ஆன்யூட்டிகள் விற்கப்படுவதாகப் புகார்கள் எழுந்த பின், ஆன்யூட்டி விற்க 4 மணி நேரம். புகார் எங்கே குவிகிறதோ அங்கே பாடம் வருகிறது. நம்முடைய 25 மணி நேரத்தில் இல்லாமல்போனது இந்தத் தொடர்புதான்.

அங்கேயும் இது பாதிச் சடங்குதானே, இணையத்தில் வேகமாகக் கிளிக் செய்து முடிப்பவர்கள் அங்கே இல்லையா என்று கேட்பார்கள். இருக்கிறார்கள். ஆனால் அதற்காக வெகுதூரம் போகவேண்டாம், நம் ஊரிலேயே ஒப்பிட்டுப் பார்க்கலாம். மியூச்சுவல் ஃபண்ட் விற்பவருக்கு என்ஐஎஸ்எம் சான்றிதழ் வேண்டும். அது மூன்று வருடத்துக்குத்தான் செல்லும். அதன்பின் தேர்வை மறுபடி எழுதவேண்டும், அல்லது தொடர்கல்வி வகுப்பில் உட்காரவேண்டும். காப்பீட்டுத் துறையிலேயே, 2018 விதிமுறைகளின்படி தரகு நிறுவனத்தின் முதன்மை அலுவலர் பதிவைப் புதுப்பிக்கும்போது 25 மணி நேரப் பயிற்சி எடுக்கவேண்டும். பல ஊர்களில் ஒரே ஆள்தான் ஃபண்டும் விற்கிறார், பாலிசியும் விற்கிறார். எப்போது வேண்டுமானாலும் விற்று வெளியேறக்கூடிய ஃபண்டுக்கு அவர் மூன்று வருடத்துக்கு ஒருமுறை படிக்கவேண்டும். இருபது வருடம் கட்டவேண்டிய, பாதியில் நிறுத்தினால் நஷ்டமாகிற பாலிசிக்கு ஒருமுறை எழுதிய 18 சரியான விடை ஆயுளுக்கும் போதும். இந்த வேறுபாட்டுக்கு ஒரு நியாயத்தை நான் தேடிப் பார்த்துவிட்டேன், கிடைக்கவில்லை.

கம்பெனிகள்தான் தங்கள் ஏஜெண்டுகளுக்குப் பயிற்சி கொடுக்கின்றனவே என்பது அடுத்த ஆட்சேபம். 2015 திருத்தம் ஏஜெண்ட் செய்யும் தவறுக்கும் கம்பெனியைப் பொறுப்பாக்கி, 1 கோடி ரூபாய் வரை அபராதமும் வைத்திருக்கிறது, பொறுப்பு அங்கே இருக்கும்போது கல்வியும் அங்கேயே இருக்கட்டும் என்கிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. கம்பெனி நடத்தும் கூட்டங்களில் பெரும்பாலும் என்ன நடக்கிறது என்பது கூட்டத்தில் உட்கார்ந்த எல்லாருக்கும் தெரியும். புதுத் திட்டம் அறிமுகம், அதை எப்படிப் பேசி முடிப்பது, இந்தப் போட்டியில் ஜெயித்தால் எந்த ஊருக்குப் பயணம். ஜனவரி முதல் மார்ச் வரை அது இன்னும் சூடுபிடிக்கும். விற்பனைக் கூட்டம் விற்பனைக்காகத்தான் இருக்கும், அதில் குற்றமில்லை. ஆனால் 'இந்தப் பாலிசி இவருக்கு வேண்டாம்' என்று சொல்லும் பாடத்தை விற்கும் கம்பெனியே மனமுவந்து எடுக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. சரண்டர் மதிப்பு கூடியதைக் கம்பெனி தன் ஏஜெண்டுக்கு விளக்கிச் சொல்வதால் அதற்கு என்ன லாபம்? அபராதமும், தவறு நடந்து, புகார் வந்து, நிரூபிக்கப்பட்ட பிறகு வருவது. வாய்வார்த்தையாகச் சொன்னதை எந்த பாலிசிதாரரால் நிரூபிக்க முடியும்? கம்பெனி பொறுப்பாக இருக்கட்டும், செலவையும் ஏற்கட்டும். பாடம் எழுதுவதும் தேர்வு வைப்பதும் கம்பெனியின் கையில் இருக்கக்கூடாது.

தவறான விற்பனைக்குக் காரணம் அறியாமை அல்ல, கமிஷன்தான், படித்தவனும் ஏமாற்றுவான் என்பது நான் மிகவும் மதிக்கும் ஆட்சேபம். இதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். முதல் வருடப் பிரீமியத்தில் பெரும் பங்கு கமிஷனாகப் போகும் திட்டமும், சொற்பக் கமிஷன் தரும் டேர்ம் பாலிசியும் ஒரே பையில் இருக்கும்போது கை எதை எடுக்கும் என்று யாருக்கும் தெரியும். ஆணையம் 2023 ஏப்ரலிலிருந்து தனித்தனி உச்சவரம்புகளை எடுத்துவிட்டு, மொத்தச் செலவு வரம்புக்குள் கம்பெனியே கமிஷனை முடிவு செய்யலாம் என்று விட்ட பிறகு இந்த இழுப்பு கூடியிருக்கிறதே தவிரக் குறையவில்லை. கல்வியால் பேராசையைத் தீர்க்க முடியாது. ஆனால் மேலே நான் சொன்ன பலவற்றில் பேராசை மையமாக இல்லை. நாமினியை மாற்றச் சொல்லாததற்குக் கமிஷன் காரணமில்லை. கணவன் தன் மனைவி, பிள்ளைகளின் நலனுக்காக 1874-ஆம் வருட மணமான பெண்கள் சொத்துரிமைச் சட்டத்தின் கீழ் பாலிசி எடுத்தால் கடன்காரர்கள் அந்தப் பணத்தைத் தொட முடியாது. கடன் வாங்கித் தொழில் நடத்தும் சிவகாசியிலும் திருப்பூரிலும் எத்தனை பேருக்கு இது சொல்லப்படுகிறது? ப்ரபோசலில் ஒரு தனித்தாளை இணைத்தால் போதும், அதே பிரீமியம், அதே கமிஷன். சொல்லாததற்குத் தெரியாததைத் தவிர வேறு காரணமே இல்லை. கமிஷனைத் திருத்துவது வேறு போராட்டம், அது நடக்கட்டும். அதுவரை அறியாமையை அப்படியே விட்டுவைக்கவேண்டும் என்று அதற்கு அர்த்தமில்லை.

மிச்சமிருப்பது சுமை. மாதம் சில ஆயிரம் கமிஷன் வாங்கும் பெண்ணிடம் இன்னொரு தேர்வைக் கேட்பது கொடுமை இல்லையா? கேட்கும் விதத்தில் கேட்டால் இல்லை. 2024 டிசம்பரில் பானிபட்டில் தொடங்கிய எல்ஐசியின் பீமா சகி திட்டம், பத்தாம் வகுப்பு படித்த பெண்களுக்கு முதல் வருடம் மாதம் 7,000 ரூபாய், அடுத்த இரண்டு வருடம் 6,000, 5,000 என்று உதவித்தொகை தருகிறது. இந்தத் தொழிலைக் கற்க மூன்று வருடம் பிடிக்கும், கற்கும் காலத்தில் சோறு வேண்டும் என்பதை அந்தத் திட்டமே ஒப்புக்கொள்கிறது. அதே நியாயத்தை நீட்டினால் போதும். ஏஜெண்டிடம் ஒரு ரூபாயும் வாங்கக்கூடாது. பழைய 250 ரூபாயை மறுபடி கொண்டுவரும் பேச்சுக்கே இடம் கொடுக்கக்கூடாது. மணிக்கணக்கு வேண்டாம், திரையில் கடிகாரம் வேண்டாம். வருடத்துக்கு ஒருமுறை, அந்த வருடம் மாறிய சட்டம், விதி, முக்கியத் தீர்ப்பு, புகார்களில் அதிகம் வந்தது எது என்பதை நாற்பது ஐம்பது பக்கத்தில் நல்ல தமிழில் எழுதி, இன்சூரன்ஸ் இன்ஸ்டிட்யூட்டோ ஆணையமோ இலவசமாக வெளியிடட்டும். சென்னையிலுள்ள குறைதீர்ப்பாளர் அலுவலகத்தின் தீர்ப்புகளே அதற்கு வேண்டிய அளவு பாடம் தரும். புத்தகத்தைப் பார்த்தே எழுதலாம் என்ற முறையில் இருபது கேள்வி, போனிலேயே, எத்தனை முறை வேண்டுமானாலும் முயலலாம். தேறாதவருடைய பழைய பாலிசிகளின் ரினீவல் கமிஷனில் கைவைக்கக்கூடாது, அது அவர் ஏற்கெனவே உழைத்துச் சம்பாதித்தது. தேறும்வரை புது பாலிசி மட்டும் அவர் கோடில் பதிவாகக்கூடாது. பழைய உரிம முறை காலாவதியானவரின் வயிற்றில் அடித்ததால்தான் அது வெறுக்கப்பட்டது, அந்தத் தப்பை மறுபடி செய்யவேண்டியதில்லை.

இதில் கம்பெனிகள் ஒரு சிக்கலைச் சொல்லும், அதில் உண்மை இருக்கிறது. ஒருவர் மூன்று கம்பெனிக்கு ஏஜெண்டாக இருக்கும்போது தேர்வின் செலவை யார் ஏற்பது, விவரம் எங்கே பதிவாகும்? ஏஜெண்டுகளின் நியமனத்தையும் நீக்கத்தையும் பதிவு செய்யும் மையத் தரவுத்தளம் ஏற்கெனவே இருக்கிறது, பான் எண்ணை வைத்து ஆளை அடையாளம் காணமுடிகிறது. அதே வரிசையில் 'இந்த வருடப் பாடம் முடித்தார்' என்று ஒரு கட்டம் சேர்த்தால் மூன்று கம்பெனிக்கும் தெரிந்துவிடும். செலவைக் கம்பெனிகள் தங்கள் ஏஜெண்டுகளின் எண்ணிக்கைக்கு ஏற்பப் பகிர்ந்துகொள்ளட்டும். அந்தக் கட்டத்தை வாடிக்கையாளரும் பார்க்க முடியவேண்டும். ஏஜெண்டின் கோடு எண்ணைப் போட்டால் அவர் எந்த வருடம் வரை படித்திருக்கிறார் என்று போனில் தெரியட்டும். ஒரு பாலிசிக்கு இருபது வருடம் பணம் கட்டப்போகிற குடும்பம், கையெழுத்துப் போடுவதற்கு முன்பே அதைப் பார்த்துக்கொள்ளலாம்.